ஜெர்மனியா, நெதர்லாந்தா, அயர்லாந்தா? ஐரோப்பாவிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்தால் எதையெல்லாம் ஒப்பிட வேண்டும்?

2025 செப்டம்பர் 19 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப், புதிய எச்-1பி மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார். அடுத்த சில நாட்களிலேயே டெல்லியில் உள்ள ஜெர்மனித் தூதர் ஃபிலிப் அக்கர்மன் சமூக ஊடகத்தில் ஒரு வீடியோ வெளியிட்டார். ஜெர்மனியின் குடியேற்றக் கொள்கை ஜெர்மன் கார் மாதிரி நம்பகமானது, அங்கே வேலை பார்க்கும் இந்தியர் சராசரியாக ஒரு ஜெர்மானியரைவிட அதிகம் சம்பாதிக்கிறார் என்பது அதன் சாரம். குருகிராமிலும் நொய்டாவிலும் வேலை பார்க்கும் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அந்த வீடியோ சுற்றாத நாளே இல்லை.

சம்பளம் பற்றித் தூதர் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஜெர்மனிக்குப் போகும் இந்தியர்களில் பெரும் பகுதி எஞ்சினியர்களும் ஐ.டி. ஆட்களும். டைடல் பார்க் கேன்டீனில் சாப்பிடுபவர்களின் சராசரிச் சம்பளத்தை எடுத்து, மொத்தச் சென்னையின் சராசரியோடு ஒப்பிடுவது போன்ற கணக்கு அது. அதே டீமில் பக்கத்து சீட்டில் இருக்கும் ஜெர்மானியரைவிட நீங்கள் அதிகம் வாங்குவீர்கள் என்று அதற்கு அர்த்தமில்லை.

சரி, கையில் ஒரு ஆஃபர் இருக்கிறது. அல்லது இரண்டு மூன்று நாடுகளில் இன்டர்வியூ போய்க்கொண்டிருக்கிறது. எதை வைத்து முடிவு செய்வது? ஆஃபர் லெட்டரில் இருக்கும் ஆண்டுச் சம்பளத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதை எண்களோடு பார்க்கலாம்.

60,000 யூரோ என்பது எவ்வளவு?

ஐந்தாறு ஆண்டு அனுபவம் உள்ள டெவலப்பருக்கு 60,000 யூரோ என்பது ஐரோப்பாவில் சாதாரணமாகக் கேள்விப்படும் தொகை. 2025-ல் ஒரு யூரோ 100 ரூபாயைத் தாண்டிவிட்டது. உடனே மனம் '60 எல்.பி.ஏ.' என்று பெருக்கிவிடும். இங்கேதான் முதல் தப்பு.

உலக வங்கி வெளியிடும் வாங்கும் திறன் விகிதங்களை வைத்துப் பார்த்தால், ஜெர்மனியில் ஒரு யூரோ வாங்கித் தருவதை இந்தியாவில் ஏறக்குறைய 28 ரூபாய் வாங்கித் தரும். அந்தக் கணக்கில் 60,000 யூரோ என்பது 17 லட்சம் ரூபாய் வாழ்க்கை. இது நாடு முழுவதற்குமான சராசரி. திண்டிவனத்து விலையும் இதற்குள் இருக்கிறது, குருகிராம் வாடகையும் இருக்கிறது. நீங்கள் ஏற்கனவே குருகிராமிலோ பெங்களூருவிலோ வாடகை கொடுத்துக்கொண்டிருந்தால் உண்மை நிலை 17 லட்சத்தைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும். 60 லட்சத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

ஆனால் இந்தக் கணக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அங்கேயே செலவாகும் யூரோவுக்குத்தான் 28 ரூபாய் மதிப்பு. சேமித்து ஊருக்கு அனுப்பும் யூரோவுக்கு முழு 100 ரூபாய் கிடைக்கும். ஆகவே, நாடுகளை ஒப்பிடும்போது சம்பளத்தை ஒப்பிடுவதில் பயன் குறைவு. வரியும் வாடகையும் போன பிறகு மாதம் என்ன மிஞ்சுகிறது என்பதைத்தான் ஒப்பிட வேண்டும்.

கையில் எவ்வளவு வரும்?

2025-ஆம் ஆண்டு வரி விகிதங்களை வைத்து, 60,000 யூரோ வாங்கும் திருமணமாகாத ஒருவருக்கு நான் போட்ட கணக்கு இது. நிறுவனத்தின் தனி ஓய்வூதியத் திட்டம் போன்ற பிடித்தங்கள் இதில் இல்லை.

ஜெர்மனியில் மாதம் சுமார் 3,100 யூரோ கைக்கு வரும். அயர்லாந்தில் சுமார் 3,750. நெதர்லாந்தில் சலுகை எதுவும் இல்லாவிட்டால் சுமார் 3,650, வெளிநாட்டு ஊழியர் வரிச்சலுகை கிடைத்தால் சுமார் 4,200.

ஜெர்மனி கடைசியில் நிற்கிறதே என்று உடனே ஒதுக்கிவிட வேண்டாம். அந்த 3,100 என்பது மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு எல்லாம் கழிந்த தொகை. நெதர்லாந்தில் மருத்துவக் காப்பீட்டை நீங்களே தனியாக வாங்க வேண்டும். ஒருவருக்கு மாதம் 150 யூரோவுக்கு மேல் ஆகும்.

கல்யாணம் ஆகி, ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் குடும்பம் என்றால் வரிசை மாறத் தொடங்கும். ஜெர்மனியில் தம்பதியின் வருமானத்தைச் சேர்த்துப் பாதியாக்கி வரி போடுவதால் 3,100 என்பது ஏறக்குறைய 3,500 ஆகும். வேலைக்குப் போகாத துணையும் குழந்தைகளும் கூடுதல் சந்தா இல்லாமல் அதே அரசுக் காப்பீட்டுக்குள் வந்துவிடுவார்கள். 2025-ல் ஒரு குழந்தைக்கு மாதம் 255 யூரோ உதவித்தொகையும் இருந்தது. அயர்லாந்திலும் தம்பதிக்கு வரி குறைந்து கைக்கு 4,000 யூரோவைத் தாண்டும். நெதர்லாந்தில் வரி ஆளுக்கு ஆள் தனித்தனி. துணை வேலைக்குப் போகாவிட்டால் பெரிய லாபம் எதுவும் இல்லை, அவருடைய காப்பீட்டுக்கும் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

இதிலிருந்து வாடகையைக் கழியுங்கள். டப்ளினில் சுமாரான ஒரு வீட்டுக்கே 2,000 யூரோவைத் தாண்டும். அயர்லாந்து கொடுத்த கூடுதல் பணத்தை வீட்டு ஓனர் வாங்கிக்கொள்வார். மூனிக்கில் ஒரு படுக்கையறை வீடு 1,300 யூரோவுக்குக் கீழே கிடைத்தால் அதிர்ஷ்டம். லைப்சிக் போன்ற கிழக்கு ஜெர்மனி நகரங்களில் ஏறக்குறைய பாதி வாடகைதான். ஆகவே 'ஜெர்மனி' என்று ஒரே நாடாக வைத்து ஒப்பிடுவதே சரியில்லை. மூனிக்கில் 65,000 வாங்குபவரைவிட லைப்சிக்கில் 58,000 வாங்குபவர் அதிகம் சேமிக்கலாம். ஆம்ஸ்டர்டாமிலும், ஏ.எஸ்.எம்.எல். நிறுவனத்தால் வளர்ந்த ஐந்தோவன் பகுதியிலும் வாடகையைவிடப் பெரிய பிரச்சினை, வீடே கிடைக்காது என்பதுதான். ஆஃபர் பேசும்போதே முதல் இரண்டு மூன்று மாதத்துக்குத் தங்குமிடம் கேளுங்கள். சம்பளத்தில் இரண்டாயிரம் கூட்டிக் கேட்பதைவிட இது பயனுள்ளது.

நெதர்லாந்தின் 30 சதவீதச் சலுகையில் இருக்கும் சிக்கல்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாடுகளுக்குப் போகும் வரிசையையே இது தீர்மானிக்கிறது.

வெளிநாட்டிலிருந்து ஆள் எடுத்தால், சம்பளத்தில் 30 சதவீதம் வரை வரியில்லாமல் கொடுக்க நெதர்லாந்து நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. அதிகபட்சம் 5 ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் இது 27 சதவீதமாகக் குறையும். '30 சதவீதம்' என்று எல்லோரும் சொன்னாலும், எல்லோருக்கும் அவ்வளவு கிடைக்காது. சலுகை போக மிஞ்சும் சம்பளம் 2025 கணக்கில் 46,660 யூரோவுக்குக் கீழே போகக் கூடாது. அதனால் 60,000 வாங்குபவருக்கு 13,340 யூரோவுக்குத்தான் வரிவிலக்கு. முழு 30 சதவீதம் வேண்டுமானால் சம்பளம் ஏறக்குறைய 66,700 இருக்க வேண்டும். 30 வயதுக்குக் கீழே இருந்து முதுகலைப் பட்டமும் இருந்தால் இந்த வரம்பு 35,468 யூரோதான். எம்.இ., எம்.எஸ். முடித்த 28 வயதுக்காரருக்கு நெதர்லாந்து இனிப்பதன் காரணம் இதுதான்.

இன்னொரு நிபந்தனையைப் பலர் கவனிப்பதே இல்லை. வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய 24 மாதங்களில் 16 மாதத்துக்கு மேல் நெதர்லாந்து எல்லையிலிருந்து 150 கிலோமீட்டருக்கு அப்பால் வசித்திருக்க வேண்டும். டெல்லியிலிருந்து நேராகப் போனால் பிரச்சினையே இல்லை. ஆனால் 'முதலில் டுசல்டார்ஃபில் இரண்டு வருடம், அப்புறம் ஆம்ஸ்டர்டாம்' என்று திட்டம் போட்டால் சலுகை போச்சு. டுசல்டார்ஃப், கொலோன், பிரஸ்ஸல்ஸ் எல்லாம் அந்த 150 கிலோமீட்டருக்குள் வருகின்றன. மூனிக், பெர்லின் வரா. மாதம் 500 யூரோவுக்கு மேல், 5 ஆண்டுக்கு என்று பெருக்கிப் பாருங்கள். ஊர்ப் பெயரைக் கவனிக்காமல் விட்டதற்கு 30,000 யூரோ அபராதம்!

விசா கிடைக்க எவ்வளவு சம்பளம் வேண்டும்?

ஜெர்மனியின் ஐரோப்பிய ஒன்றிய ப்ளூ கார்டுக்கு 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் 48,300 யூரோ, ஐ.டி. போன்ற ஆள் பற்றாக்குறைத் துறைகளுக்குச் சுமார் 43,760. அதே 2025-ல் நெதர்லாந்தின் உயர்திறன் பணியாளர் அனுமதிக்கு 30 வயதைத் தாண்டியவர்களுக்கு மாதம் 5,688 யூரோ, அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு 4,171 யூரோ. அங்கே உங்கள் நிறுவனம் அரசு அங்கீகரித்த ஸ்பான்சராக இருக்க வேண்டும். அயர்லாந்தின் முக்கியத் திறன் பெர்மிட்டுக்கு, பட்டியலில் உள்ள வேலைகளுக்கு 2025-ல் 38,000 யூரோவாக இருந்தது. இந்தத் தொகைகள் ஒரே இடத்தில் நிற்பவை அல்ல. ஜெர்மனியும் நெதர்லாந்தும் ஒவ்வொரு ஜனவரியிலும் மாற்றுகின்றன. டிசம்பரில் ஆஃபர் வாங்கி பிப்ரவரியில் விசாவுக்குப் போனால் புது வரம்பு உங்களுக்குப் பொருந்தலாம். 30-வது பிறந்தநாள் நெருங்குபவர்கள் நெதர்லாந்து விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு ஜெர்மனியின் 'அனாபின்' என்ற தரவுத்தளம் முக்கியம். உங்கள் பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டதா என்று அதில்தான் பார்ப்பார்கள். கல்லூரிப் பெயரைத் தேடி 'இல்லையே' என்று பயந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இணைப்புக் கல்லூரியில் படித்திருந்தால் பட்டம் கொடுத்தது அண்ணா பல்கலைக்கழகம், அந்தப் பெயரில்தான் தேட வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தனித்தனிப் பெயரில் இருக்கும். 3 ஆண்டு பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்தவர்கள் பட்டத்தின் மதிப்பீட்டையும் தனியாகச் சரிபார்க்க வேண்டும். தேவைப்பட்டால் 208 யூரோ கட்டி ஒப்பீட்டுச் சான்று வாங்கலாம். பட்டமே இல்லாவிட்டாலும் வழி உண்டு. 2023 நவம்பரில் மாறிய சட்டப்படி, கடந்த 7 ஆண்டுகளில் 3 ஆண்டு ஐ.டி. அனுபவம் இருந்தால் ப்ளூ கார்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

வேலை போனால்?

ஆஃபர் வந்த மகிழ்ச்சியில் யாரும் கேட்காத கேள்வி. கடந்த மூன்று ஆண்டு லேஆஃப் செய்திகளைத் தொகுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன், முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான்.

ஜெர்மனியில் முதல் 6 மாதம் பரீட்சைக் காலம். அப்போது 2 வார நோட்டீஸில் அனுப்பிவிடலாம். அதைத் தாண்டிவிட்டால், 10 பேருக்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனத்தில் காரணமில்லாமல் நீக்குவது கடினம். 12 மாதம் சந்தா கட்டியிருந்தால் வேலையின்மைத் தொகை 6 மாதம் கிடைக்கும். நிகரச் சம்பளத்தில் 60 சதவீதம், குழந்தை இருந்தால் 67 சதவீதம். வேறு வேலைக்கு மாறுவதும் சுலபம். ப்ளூ கார்டில் முதல் 12 மாதம் வரை மாற்றத்தை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், பிறகு அந்தக் கட்டும் இல்லை. நெதர்லாந்தில் அடுத்த ஸ்பான்சரைத் தேடப் பொதுவாக 3 மாதம். அயர்லாந்தில் ஆட்குறைப்பு என்றால் 6 மாதம் அவகாசம், ஆனால் முதல் நிறுவனத்தில் 9 மாதமாவது இருந்த பிறகுதான் நீங்களாக வேலை மாற முடியும்.

பிரிட்டன் இந்தப் பட்டியலில் ஏன் இல்லை என்று கேட்கலாம். 2025 ஜூலை 22 முதல் அங்கே பொதுவான சம்பள வரம்பு 41,700 பவுண்ட். மருத்துவ சேவைக்கான கட்டணம் ஆளுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்ட், விசாவோடு முன்கூட்டியே கட்ட வேண்டும். 5 ஆண்டு விசாவுக்குக் கணவன், மனைவி இருவருக்கும் 10,350 பவுண்ட். கிட்டத்தட்ட 12 லட்சம் ரூபாய். நிரந்தரக் குடியுரிமைக் காத்திருப்பை 5-லிருந்து 10 ஆண்டாக்கும் திட்டத்தையும் 2025 மே மாதம் அரசு முன்வைத்துவிட்டது. நிறுவனம் எல்லாச் செலவையும் ஏற்றால் யோசிக்கலாம், இல்லாவிட்டால் என் கணக்கில் அது பின்னால்தான்.

மொழி, துணையின் வேலை, அப்பா அம்மா

ஜெர்மனியில் ப்ளூ கார்டு வைத்திருப்பவர் ஏ1 நிலை ஜெர்மன் தெரிந்தால் 27 மாதத்திலும், பி1 தெரிந்தால் 21 மாதத்திலும் பி.ஆர். வாங்கலாம். வெறும் 6 மாதத்துக்காகவா இவ்வளவு படிப்பது என்று தோன்றும். ஆபீஸில் ஆங்கிலம் ஓடும். வீட்டு வாடகை ஒப்பந்தம், வரிக் கடிதம், குழந்தைகள் டாக்டரின் ரிசப்ஷன் எல்லாம் ஜெர்மனில்தான் வரும். இந்தி தெரியாமல் டெல்லியில் வந்து இறங்கி, ஆர்.கே.புரம் மலை மந்திருக்கு வழி கேட்டுத் தடுமாறிய தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதைவிடக் கடினம், அவ்வளவுதான். டெல்லியில் இருப்பவர்கள் கஸ்தூர்பா காந்தி மார்க்கில் உள்ள மாக்ஸ் முல்லர் பவனில் இங்கிருந்தே தொடங்கலாம்.

மொழியால் அதிகம் அடிபடுவது பெரும்பாலும் விசா வாங்கியவர் இல்லை, கூடப் போகும் துணைதான். ஜெர்மனி, நெதர்லாந்து, அயர்லாந்து மூன்றிலும் துணைக்கு வேலை செய்ய உரிமை உண்டு. ப்ளூ கார்டுக்காரரின் துணைக்கு ஜெர்மன் தேர்வும் தேவையில்லை. ஆனால் உரிமை வேறு, வேலை வேறு. துணையும் டெவலப்பர் என்றால் பெர்லினிலும் ஆம்ஸ்டர்டாமிலும் ஆங்கிலத்திலேயே சமாளிக்கலாம். ஆசிரியர், வழக்கறிஞர், ஹெச்.ஆர்., வங்கி ஊழியர் என்றால் ஜெர்மனியில் ஓரிரண்டு ஆண்டு மொழிக்கே போய்விடும். அங்கே அயர்லாந்து ஜெயிக்கிறது. இரண்டு சம்பளத்தை ஒன்றாக்கிக்கொண்டு கிளம்பும் குடும்பம், டெல்லியில் துணை வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்தையும் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டும். நான் பார்த்த எக்ஸெல் ஷீட்டுகளில் பெரும்பாலும் அந்த வரி மட்டும் காலியாக இருக்கும். காலியாக விடப்படுவது அநேகமாக மனைவியின் சம்பளம்.

அயர்லாந்து பற்றி இன்னொன்று. 2025 ஜூலையில் டப்ளினின் டாலா பகுதியில் இந்தியர் ஒருவர் தாக்கப்பட்டார். மேலும் சில சம்பவங்களுக்குப் பிறகு ஆகஸ்ட் 1 அன்று இந்தியத் தூதரகம் எச்சரிக்கை அறிவிப்பு வெளியிட்டது. ஒரு நாட்டையே ஒதுக்க இது காரணமில்லை. எந்தப் பகுதியில் வீடு எடுப்பது என்று அங்கே இருப்பவர்களிடம் கேட்க இது போதுமான காரணம்.

பெற்றோர் விஷயத்தில் ஜெர்மனி ஒரு கதவைத் திறந்திருக்கிறது. 2024 மார்ச் 1-க்குப் பிறகு முதல்முறை அனுமதி பெற்ற திறன் பணியாளர்கள் பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளலாம். துணையும் அங்கே வசித்தால் மாமனார் மாமியாரையும் அழைக்கலாம். தடையாக இருப்பது மருத்துவக் காப்பீடு. 65 வயதுக்கு மேல் தனியார் காப்பீடு கிடைப்பது கடினம், கிடைத்தாலும் பிரீமியம் கனமாக இருக்கும். மற்ற இரண்டு நாடுகளில் இந்த அளவு வழியும் இல்லை. ஒற்றைப் பிள்ளையாக இருப்பவர்கள் இதை இன்ஷூரன்ஸ் கொட்டேஷன் வாங்கிப் பார்த்துவிட்டே நம்ப வேண்டும்.

தமிழ்ச் சூழல் எப்படி என்றும் கேட்பார்கள். ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோவில், பாரிஸின் லா ஷப்பெல் கடைத்தெரு எல்லாம் 1980-களுக்குப் பிறகு போரிலிருந்து தப்பி வந்த ஈழத்தமிழர்கள் கட்டியெழுப்பியவை. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும் பெரும்பாலும் அவர்கள் முயற்சிதான். ப்ளூ கார்டோடு போய் இறங்குபவர் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்குவது அகதியாக வந்தவர்கள் தொடங்கிய கடைகளில்.

பாஸ்போர்ட்டை மாற்றுவதா?

மூன்று நாடுகளிலும் குடியுரிமைக்குப் பொதுவான காலம் 5 ஆண்டு. ஜெர்மனி 2024 ஜூனில் இரட்டைக் குடியுரிமையை அனுமதித்தது. 3 ஆண்டு விரைவு வழியை 2025 அக்டோபரில் நீக்கிவிட்டது. ஆனால் இரட்டைக் குடியுரிமையை இந்தியா ஏற்பதில்லை. வெளிநாட்டு பாஸ்போர்ட் வாங்கினால் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓ.சி.ஐ. அட்டைதான். அதை வைத்து விவசாய நிலம் வாங்க முடியாது, ஓட்டும் போட முடியாது. அயர்லாந்துக் குடியுரிமைக்கு ஒரு கூடுதல் மதிப்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும், கூடவே பிரிட்டனிலும் வேலை பார்க்கலாம். குடியுரிமை வேண்டாம், ஆனால் ஐரோப்பாவுக்குள் இடம் மாறும் சுதந்திரம் வேண்டும் என்பவர்களுக்கு ப்ளூ கார்டு பொருத்தம். முதல் நாட்டில் 12 மாதம் இருந்த பிறகு இன்னொரு உறுப்பு நாட்டுக்கு எளிதாக மாறலாம். அயர்லாந்தும் டென்மார்க்கும் இந்த ஏற்பாட்டில் இல்லை.

போகாமலே இருப்பதும் ஒரு வழி. இந்தியாவில் 1,700-க்கும் மேற்பட்ட உலகளாவிய திறன் மையங்கள் இருப்பதாக நாஸ்காம் 2024-ல் கணக்கிட்டது. பி.எம்.டபிள்யூ. நிறுவனம் டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து தொடங்கிய மையம் புனே, பெங்களூரு, சென்னை மூன்றிலும் இயங்குகிறது. மூனிக்கில் எழுதும் அதே மாதிரி கோடை பழைய மகாபலிபுரம் சாலையில் உட்கார்ந்தும் எழுதலாம். 35 லட்சம் வாங்கும் சீனியர் ஒருவர் 60,000 யூரோவுக்குக் கிளம்பினால், பணக் கணக்கில் நஷ்டமாகவே முடிய வாய்ப்பு அதிகம். அவர் போவதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்: சுத்தமான காற்று, வேலை நேரம், குழந்தையின் படிப்பு. நவம்பரில் டெல்லியில் உட்கார்ந்து இதை எழுதும் எனக்கு முதல் காரணம் சின்னதாகத் தெரியவில்லை.

கிளம்பும் முன் ஒரு வேலை: பெயர்

நம் ஊர் இனிஷியல் அங்கே யாருக்கும் புரியாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால் விசா, வங்கிக் கணக்கு, வீட்டு ஒப்பந்தம் என்று ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர் ஒவ்வொரு மாதிரி அச்சாகும். அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருந்தால் கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, குழந்தைக்கு இன்னொன்று என்று ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள். கூடவே, கோவிலில் தாலி கட்டியதற்கான ரசீதை யாரும் ஏற்க மாட்டார்கள், பதிவுத்துறையின் திருமணச் சான்று வேண்டும். நெதர்லாந்துக்கு அதில் வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் முத்திரை போதும். இந்திய அப்போஸ்டிலை ஜெர்மனி ஏற்பதில்லை, தூதரகம் தானே சரிபார்க்கச் சொன்னால் மாதக்கணக்கில் இழுக்கும். டெல்லி, என்.சி.ஆரில் வசிப்பவர்கள் ஜெர்மன் விசாவுக்கு சாணக்யபுரி தூதரகத்தின் எல்லைக்குள் வருவார்கள். சொந்த ஊர் முகவரியில் வசிப்பவர்களுக்குச் சென்னைத் துணைத் தூதரகம். ஆதாரில் ஓர் ஊர், வாடகை ஒப்பந்தத்தில் ஓர் ஊர் என்று இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே அதைச் சரிசெய்துவிடுங்கள்.